பேரூராட்சி வயல்

என் மேல் ஒரு குற்ற வழக்கு நடந்தது என்றால் என்னிடம் படித்த பிள்ளைகள் நம்பமாட்டார்கள். வகுப்பில் பேசினால் பெஞ்சின் மேல் ஏற்றிவிடுகிற டீச்சர் கோர்ட்டில் கைகட்டி நின்றாளா என்று சிரிப்பார்கள். நின்றேன். ஒரு வருடத்துக்கு மேல் வாய்தா வாய்தாவாக நின்றேன். அரசாங்கச் சாலையைக் கடப்பாரையால் தோண்டிச் சேதப்படுத்தினேன் என்பது வழக்கு. அதில் நான் முதல் எதிரி; கோர்ட் பாஷையில் எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர். கடப்பாரையை நான் அதற்கு முன்னும் தொட்டதில்லை, பின்னும் தொட்டதில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எனக்கு இருபத்தெட்டு வயது. பி.எட். முடித்து வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஏழு வருடம் ஓடியிருந்தது. அப்போதெல்லாம் அரசுப் பள்ளி வேலை பதிவு மூப்புப்படிதான் வரும். திருநெல்வேலிக்குப் போய்ப் பதிவைப் புதுப்பித்துவிட்டு, வீட்டில் டியூஷன் எடுத்துக்கொண்டு, தபால்காரரின் சைக்கிள் மணிக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்த வருடமோ அடுத்த வருடமோ உங்கள் முறை வந்துவிடும் என்று அலுவலகத்திலேயே சொல்லியிருந்தார்கள்.

எங்கள் ஊர் தாமிரவருணிக் கரையில் இருக்கிறது. பேருந்து நிறுத்தத்தில் இறங்கினால் எதிரே பேரூராட்சி அலுவலகம். அதன் வாசலை ஒட்டியே அந்தப் பள்ளம். பள்ளம் என்று சொன்னால் அதற்கு மரியாதைக் குறைவு. மூன்று கட்டிலைச் சேர்த்துப் போடலாம். ஐப்பசி மழை விழுந்தால் நிறைந்துவிடும். பேருந்துச் சக்கரம் அதில் இறங்கி ஏறினால் நிறுத்தத்தில் நிற்கிறவர்களுக்கெல்லாம் சேற்றுக் குளியல். நான் மூன்று மனுக் கொடுத்தேன். மூன்றுக்கும் ‘ஆவன செய்யப்படும்’ என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. மூன்றாவது பதிலைக் கையில் வாங்கிக்கொண்டு அலுவலகத்தை விட்டு வெளியே வந்த நிமிடத்தில், ஒரு பேருந்து என் வெள்ளைப் புடவையைத் தலைப்பு முதல் கரை வரை நாசமாக்கிவிட்டுப் போயிற்று. எனக்கு உச்சியில் ஏறிய கோபம் இறங்கவே இல்லை.

அந்த நேரம் பார்த்து வயலில் நடவு முடித்துச் சில பெண்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒரு அக்கா மட்டும் நின்றாள். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவள். அவள் மகள் என்னிடம் டியூஷன் படித்தாள். அவள் இடுப்பில் நட்டது போக மிஞ்சிய நாற்றுமுடி ஒன்று இருந்தது. அவள் என் புடவையைப் பார்த்தாள், பிறகு பள்ளத்தைப் பார்த்தாள்.

“எங்க மொதலாளி வயல்ல கூட இம்புட்டு நல்ல தொழி இல்ல டீச்சர்” என்றாள். தொழி என்றால் நடவுக்காக உழுது குழப்பி வைத்த சேறு.

“நட்டுருவமா?” என்று கேட்டேன். விளையாட்டாகத்தான் கேட்டேன் என்று அப்பாவிடம் பிறகு சொன்னேன். பொய். எனக்கு அந்த நிமிடம் விளையாட்டே கிடையாது.

மூன்று வேளையும் நெல்லுச் சோறு தின்று வளர்ந்த குடும்பம் எங்களுடையது. ஆனால் சேற்றில் கால் வைத்தவர் வீட்டில் ஒருவர்கூடக் கிடையாது. நான் நட்ட முதல் நாற்று மிதந்தது. “பேனா பிடிக்க மாதிரி பிடிக்காதிய. பெருவெரலால அமுக்குங்க” என்று அக்கா அதட்டினாள். டீக்கடை அண்ணாச்சி கடையை விட்டு இறங்கி வந்து ஒரு பிஸ்கட் பெட்டியைக் கிழித்து அட்டை தந்தார். அதில் கொட்டை எழுத்தில் எழுதினேன்: ‘பேரூராட்சி வயல். குத்தகைக்கு வேண்டுவோர் உள்ளே அணுகவும்.’ அண்ணாச்சியே அதைக் கம்பில் கட்டி நட்டார். பேருந்துக்கு நின்றவர்கள் கை தட்டினார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. ஆறு நாள் அதை யாரும் தொடவில்லை. மூன்று வருடமாகப் பள்ளத்தில் விட்டு ஏற்றிய ஓட்டுநர்கள், நாற்றைப் பார்த்ததும் பைய ஒதுங்கிப் போனார்கள். பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் இறங்கி அட்டையைப் படித்துவிட்டு, “குத்தகை எவ்வளவு வே?” என்று அலுவலகத்துக்குள்ளேயே போய்க் கேட்டார்கள். விடுப்பில் போயிருந்த நிர்வாக அதிகாரி ஏழாம் நாள் வந்து அட்டையைப் படித்தார். மத்தியானம் போலீஸ் வந்தது.

காவல் நிலையத்திலிருந்து வந்தவர் ஒரு வயதான ஏட்டு. நாற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, மண் உதிராமல் ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். நிலையத்தில் எங்கள் மூன்று பேரையும் வரிசையாக நிறுத்தி எஸ்.ஐ. கேட்டது ஒரே கேள்வி.

“அட்டையில எழுதுனது யாரு?”

“நான்தான்” என்றேன்.

நாற்றைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோபமெல்லாம் அட்டையின் மேல். ஆனால் அட்டையில் எழுதியது குற்றம் என்று வழக்குப் போட்டால் ஊர் சிரிக்கும். சேற்றில் நட்டார்கள் என்று போட்டால், சாலையில் சேறு எங்கிருந்து வந்தது என்று கேள்வி வரும். அதனால் குற்றப்பத்திரிகையில் ஒரு கடப்பாரை முளைத்தது. நல்ல நிலையில் இருந்த தார்ச்சாலையை மூவரும் கடப்பாரையால் தோண்டி, அதில் அன்றே நாற்று நட்டார்களாம்.

முதல் நாள் கோர்ட்டில் அண்ணாச்சி குற்றத்தை ஒத்துக்கொண்டார். அபராதம் கட்டச் சொன்னார்கள், கட்டிவிட்டுப் போய்விட்டார். “கடையைப் பூட்டிட்டு வாய்தா வாய்தாவா அலைய முடியுமாம்மா?” என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். எனக்கு அவர் மேல் வருத்தமில்லை. எனக்கே அப்படி ஒத்துக்கொண்டு போய்விட ஆசையாகத்தான் இருந்தது.

எனக்காக வந்த வக்கீல் அப்பாவிடம் படித்தவர். மரத்தடியில் வைத்து நிலைமையை உடைத்துச் சொன்னார். ஒத்துக்கொண்டால் அபராதத்தோடு இன்றைக்கே முடியும். ஆனால் சின்னதோ பெரியதோ, தண்டனை தண்டனைதான். அரசு வேலைக்குப் போகும்போது அரசாங்கச் சொத்தைச் சேதப்படுத்தியவள் என்று காகிதம் சொல்லும். வழக்கை நடத்தி ஜெயித்தால் தப்பிக்கலாம். தோற்றால் அபராதத்தோடு விடமாட்டார்கள், சிறைக்கும் இடமிருக்கிறது. அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். “சின்னக் கேஸுன்னு யாரும் பாக்க மாட்டாவம்மா. ஒத்துக்கிட்டு முடிச்சிரு” என்றார். நாற்பது வருடம் பாடம் சொல்லிக்கொடுத்த மனிதர், கோர்ட் வாசலில் அப்படிச் சுருங்கி நின்றதைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. சரியென்று சொல்ல வாயெடுத்தும் விட்டேன்.

வக்கீல் எனக்காகக் கொஞ்சம் அவகாசம் கேட்டிருந்ததால், எனக்கு முன்னால் அக்கா உள்ளே கூப்பிடப்பட்டாள். குற்றத்தை ஒத்துக்கொள்கிறாயா என்று நடுவர் கேட்டார். கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

“நட்டேன்னு கேட்டா ஒத்துக்கிடுதேன் ஐயா. தோண்டுனேன்னு எப்படி ஒத்துக்கிட முடியும்? நான் தோண்டலியே” என்றாள்.

இதைவிடச் சுலபமாக எப்படிச் சொல்ல முடியும்? எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அடுத்து என்னைக் கேட்டபோது நானும் இல்லை என்றேன். வெளியே வந்ததும் அவளுக்கும் நீங்களே வாதாடுங்கள் என்று வக்கீலிடம் கேட்டேன். அவள்தான் மறுத்துவிட்டாள். “நடந்ததைச் சொல்ல என் வாயி போதாதா?” என்றாள்.

பிறகு வாய்தா வாய்தாவாகப் போயிற்று. அக்காவுக்கு ஒவ்வொரு வாய்தாவும் ஒரு நாள் கூலி போன நாள். ஒரு முறைகூட அவள் முகம் சுளிக்கவில்லை. எனக்கோ தபால்காரர் வந்தால் பயம். வேலை உத்தரவு வந்துவிட வேண்டும் என்று ஏழு வருடம் வேண்டியவள், இப்போது வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

விசாரணை நாளும் வந்தது. முதல் சாட்சி பேரூராட்சி மேற்பார்வையாளர். சம்பவ நாள்வரை சாலை கண்ணாடிபோல இருந்தது என்றார். கூசாமல் சொன்னார். எங்கள் வக்கீல் சுற்றிச் சுற்றிக் கேட்டும், என் மூன்று மனுக்களைக் காட்டியும், “அந்த மனுவெல்லாம் வேற எடத்தைப் பத்தினது” என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார். தோற்றேன் என்றே நினைத்தேன்.

அடுத்து கூண்டில் ஏறியவர் ஏட்டு. கடப்பாரையால் தோண்டி நட்டிருந்தார்கள் என்று ஒப்பித்தார். அவர் கைப்பற்றிய பொருளைக் காட்டச் சொன்னார்கள். ஊழியர் செய்தித்தாள் கட்டைப் பிரித்தார். உள்ளே காய்ந்த வைக்கோல். வைக்கோலின் நுனியில் பழுத்த நெற்கதிர்.

நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். “நாற்று என்று எழுதியிருக்கிறது. இதில் கதிர் இருக்கிறதே?”

ஏட்டு நெளிந்தார். “ஸ்டேஷன் பின்னால பம்பு ஒழுகுத எடத்துல ஊனி வச்சேன் ஐயா. வெளஞ்சிட்டு.”

“வழக்குச் சொத்தை எதற்கு ஊன்றினீர்கள்?”

“பச்சை பிடிச்ச நாத்து ஐயா. பொட்டலங்கட்டிச் சாவவிட மனசு வரல.” பச்சை பிடிப்பது என்றால் நட்ட நாற்று வேரூன்றித் தெளிவது.

கோர்ட்டே சிரித்தது. ஆனால் சிரிப்பால் வழக்கு ஜெயிக்காது. கடப்பாரையைப் பற்றி எங்கள் வக்கீல் கேட்டதற்கெல்லாம் ஏட்டு “ஆமா” என்றும் “அப்படித்தான்” என்றும் சொல்லி முடித்தார். இரண்டாம் எதிரியான அக்காவுக்கு வக்கீல் இல்லாததால், சட்டப்படி அவளிடமே நடுவர் கேட்டார்: “சாட்சியிடம் ஏதாவது கேட்கணுமா?” இல்லை என்ற பதிலை எதிர்பார்த்து அவர் பேனாவை மூடப்போனார்.

“கேக்கணும் ஐயா” என்றாள் அக்கா.

கைகளைக் கட்டியபடியே ஏட்டின் பக்கம் திரும்பினாள். “ஏட்டையா, பச்சை பிடிச்ச நாத்துன்னு சொன்னியல்லா. நீங்க பிடுங்கும்போது வேரு எப்படி இருந்துச்சு?”

“வெள்ளை வேரு விட்டிருந்துச்சு. நல்ல நடவுல்லா” என்றார் ஏட்டு. அரசு வக்கீல் தொண்டையைக் கனைத்தார். ஏட்டு கவனிக்கவில்லை.

“நீங்க சம்சாரி வீட்டுப் பிள்ளைதான?” எங்கள் பக்கம் சம்சாரி என்றால் விவசாயி.

“ஆமா. இப்பவும் பிசான நடவுக்கு லீவு போட்டுட்டு ஊருக்குப் போவேன்.”

“அப்ப உங்களுக்குத் தெரியும். தாரும் சல்லியுமா கெடக்க ரோட்டைக் கடப்பாரையால தோண்டி, அன்னைக்கே அதுல நாத்து நட்டா, ஆறு நாளையில பச்சை பிடிக்குமா?”

ஏட்டு பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தார். எஸ்.ஐ. அங்கே உட்கார்ந்து அவரையே முறைத்துக்கொண்டிருந்தார். பிடிக்கும் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவருக்கு வம்பில்லை. எங்களுக்குத்தான் எல்லாம் போகும். ஆனால் சல்லியில் நாற்று பச்சை பிடிக்கும் என்று நாலு பேர் முன்னால் சொல்ல அவரால் முடியவில்லை. பொய்க் காகிதத்தில் கையெழுத்துப் போட்ட மனிதருக்குப் பயிரைப் பற்றிப் பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

“பிடிக்காது” என்றார்.

“பின்ன எப்படிப் பிடிச்சுச்சு?”

“அது தோண்டுன குழி இல்லல்லா. வருசக்கணக்கா தண்ணி நின்னு மக்கிக் கெடக்க தொழி. நானே அதுல சைக்கிளோட விழுந்திருக்கேன்.”

அரசு வக்கீல் எழுந்தார். நடுவர் இடது கையால் அவரை உட்காரச் சொல்லிவிட்டு, வலது கையால் எழுதிக்கொண்டே போனார். அந்தப் பேனா காகிதத்தில் உரசிய சத்தம் எனக்கு இன்றைக்கும் கேட்கிறது.

“அப்ப கடப்பாரை?” என்றாள் அக்கா.

“நான் பாக்கல. எழுதி வச்சிருந்தாவ, கையெழுத்துதான் போட்டேன்.”

“அம்புட்டுதான் ஐயா” என்று நடுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு நகர்ந்துகொண்டாள். ஐந்தே கேள்வி. எங்கள் வக்கீல் அவளை வாய் பிளந்து பார்த்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்துத் தீர்ப்பு. இரண்டு பேரும் விடுதலை. பள்ளம் ஏற்கெனவே இருந்ததுதான், இவர்கள் தோண்டியது இல்லை என்று நடுவர் எழுதியிருந்தார். அதோடு நிறுத்தவில்லை. குற்றப்பத்திரிகையில் இல்லாத, எங்கள் வக்கீல் வாதத்தில் மட்டும் சொன்ன அட்டையைப் பற்றியும் ஒரு பத்தி எழுதினார்: குறையைக் குறை என்று எழுதிவைக்க ஊர்க்காரர்களுக்கு உரிமை உண்டு, அது அலுவலகத்துக்குச் சங்கடமாக இருக்கலாம், குற்றம் ஆகாது. நான் நகல் மனுப் போட்டு அந்தத் தீர்ப்பை வாங்கினேன். அப்பா அதை வாசற்படியில் நின்று உரக்கப் படித்தார். தெருவில் போகிறவர்களை நிறுத்தி மறுபடியும் படித்தார். கோர்ட் வாசலில் சுருங்கி நின்ற மனிதர் அன்றைக்குப் பழைய உயரத்துக்கு வந்துவிட்டார்.

ஏட்டுக்கு என்ன ஆகுமோ என்று எனக்குக் கவலையாக இருந்தது. ஒரு மாறுதலோடு போயிற்று. அதுவும் அவர் சொந்த ஊர்ப் பக்கமே கிடைத்தது என்று கேள்விப்பட்டேன். சாலையைத் தீர்ப்புக்கு முந்தின வாரமே அவசர அவசரமாகப் போட்டுவிட்டார்கள். பாவம், அண்ணாச்சிதான். ஒத்துக்கொண்டு அபராதம் கட்டியவர் அவர் ஒருவர் மட்டுமே. அதற்காக அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. டீ குடிக்க வருகிறவர்களிடம், “அந்தப் பள்ளத்தைத் தனியாளா தோண்டுனது நான்தான்னு கோர்ட்டே சொல்லிட்டு வே” என்று பெருமை பேசினார்.

அடுத்த சித்திரையில் எனக்கு வேலை உத்தரவு வந்தது. திருநெல்வேலியில் ஓர் அலுவலகத்தில் படிவம் நிரப்பக் கொடுத்தார்கள். என் மேல் எப்போதாவது குற்ற வழக்கு இருந்ததா, ஆம் அல்லது இல்லை என்று ஒரு கேள்வி. விஷயம் தெரிந்த எழுத்தர் குனிந்து மெதுவாகச் சொன்னார். “விடுதலை ஆயிட்டுல்லா டீச்சர். இல்லைன்னு போடுங்க. எதுக்கு வம்பு?”

ஆம் என்று பெரிய எழுத்தில் போட்டேன். அதன் கீழே விவரம் எழுத ஒரு விரல் அகலத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். எனக்கு அது எப்படிப் போதும்? தனித்தாள் கேட்டு வாங்கி, இரண்டு பக்கமும் எழுதினேன்.