மாதம் தவறாத காய்ச்சல்

அப்பா விறாந்தையில் குப்புறப் படுத்திருந்தார். அம்மா உப்பு முடிச்சைத் தாச்சியில் சூடாக்கி அவருடைய இடுப்பில் ஒத்தணம் பிடித்துக்கொண்டிருந்தார். "ஆ... கொஞ்சம் கீழ... ஓம், அங்கதான்..." என்று அப்பா முனகியது றோட்டுக்கே கேட்டிருக்கும். வலை இழுத்து வந்த நோ. அந்த நோவுக்கு எங்கள் வீட்டில் வெட்கம் கிடையாது.

உள் அறையில் அக்கா முழங்கால்களை நெஞ்சோடு சேர்த்துச் சுருண்டு கிடந்தாள். தலையணையின் ஓரத்தைக் கடித்திருந்தாள். அங்கே சத்தமே இல்லை. நான் இரண்டுக்கும் நடுவில், கதவு நிலையில் நின்று மாறி மாறிப் பார்த்தேன். அந்த நோவுக்கும் இந்த நோவுக்கும் ஒரு சாண் தூரம் இருக்குமா? ஒன்று பின்பக்கம், மற்றது முன்பக்கம். பிறகேன் ஒத்தணம் ஒருவருக்கு மட்டும்?

ஒன்று மண்டைக்குள் வந்துவிட்டால் என்னால் சும்மா இருக்க முடியாது. அப்பா எழும்பிப் போனதும் முடிச்சை எடுத்தேன். அம்மா கையைப் பிடித்துவிட்டார்.

"அது அப்பான்ர. கடலுக்குப் போற மனுசன்ர சாமான். உவளுக்கு வைக்கேலாது."

"உப்புத்தானேயம்மா?"

"உப்புத்தான். எண்டாலும் ஏலாது."

மாதத்தின் அந்த நாட்களில் அக்கா குசினிக்குள் போகமாட்டாள், வலையைத் தொடமாட்டாள், தோணிப் பக்கமும் போகமாட்டாள். எங்கள் ஊரான சல்லியில் அதை யாரும் சொல்லித் தருவதில்லை, தானாகவே தெரிந்துவிடும். அம்மா கல்நெஞ்சுக்காரி இல்லை. ஓமம் அவித்துக் கொடுப்பார், உள்ளங்காலைத் தேய்த்துவிடுவார். ஆனால் "வயித்துக்குத்து எல்லாருக்கும் வாறதுதானே" என்று முடித்துவிடுவார். எனக்கும் வருகிறது, நான் அதோடு பஸ் ஏறி கம்பஸ் போய் வருகிறேன். அக்காவுக்கு வருவது அப்படி இல்லை. குடித்த தண்ணீர்கூட வாந்தியாகப் போகும். எழுந்து நின்றால் கண் இருட்டும்.

இந்த முறை பயம் வேறு. அக்கா டவுணில் ஒரு புடவைக்கடையில் சேர்ந்து கொஞ்சக் காலம்தான். வேலையை இன்னும் நிரந்தரமாக்கவில்லை. அந்த வேலைக்குப் போன பிறகு அவளுடைய நடையே மாறியிருந்தது. சேலையை ஒரு உதறு உதறி, தோளில் போட்டுக் காட்டுகிற விதத்தை எங்கள் கண்ணாடிக்கு முன்னால் படுக்கை விரிப்பை வைத்துப் பழகியவள். ஆனால் மாதம் தவறாமல் லீவு கேட்க வேண்டியிருந்தது. ஆம்பிளை முதலாளியிடம் எதைச் சொல்வது? ஒவ்வொரு முறையும் போனில், "முதலாளி, காய்ச்சல்." இன்னொரு லீவு எடுத்தால் நிற்பாட்டிவிடுவார்கள் என்று அவள் நம்பினாள். அன்று காலையும் அதையேதான் சொல்லியிருந்தாள்.

அப்பாவின் முடிச்சு இல்லாவிட்டால் என்ன, புதிதாகச் செய்தால் போயிற்று. பள்ளிக்கூடத்துக்குக் காலில் போட்டுப்போன என்னுடைய பழைய மேஸ் ஒன்றை எடுத்தேன். பின்பக்கக் கொட்டிலில் இருந்த உப்புச் சாக்கிலிருந்து இரண்டு கை அள்ளி, தாச்சியில் வறுத்து, மேஸுக்குள் கொட்டி முடிந்தேன். சுட்டுவிடக் கூடாதே என்று முதலில் என் மணிக்கட்டில் வைத்துப் பார்த்துவிட்டு, சட்டைக்கு மேலாக அவளுடைய அடிவயிற்றில் வைத்தேன். மெல்ல மெல்ல முழங்கால் நீண்டது. நெற்றிச் சுருக்கம் விட்டது. பிறகு ஒரு கண்ணைத் திறந்தாள்.

"என்னடி இது, கருவாடு மணக்குது?"

மீன் காயவைத்து மிஞ்சிய உப்பு அது. சூடு ஏற ஏற அறை முழுக்கக் கருவாட்டு வாசம்.

"சிரிக்க வைக்காதை விசரி, குத்துது!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள்.

பின்னேரம் படலையில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. சுகாதாரப் பரிசோதகர்.

"இந்த வீட்டில காய்ச்சல்காரப் பிள்ளை ஆர்?"

முதலாளி நல்ல மனுசன், அதுதான் பிழை. மாதா மாதம் காய்ச்சல் என்றால் அந்த வளவில் டெங்கு நுளம்பு இருக்குமென்று கவலைப்பட்டு, பரிசோதகரிடம் சொல்லியிருக்கிறார். பரிசோதகர் பூச்சாடி பார்த்தார், சிரட்டை பார்த்தார், கடைசியில் அப்பாவின் பழைய டயருக்குள் டோர்ச் அடித்தார். தேங்கிய தண்ணீரில் நுளம்புக் குடம்பிகள் துள்ளிக்கொண்டிருந்தன.

"என்ர வீட்டில ஒருத்தருக்கும் காய்ச்சல் இல்லை!" அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆர் சொன்னது?"

"கடையில சொன்னவை. ரத்தம் சோதிச்சதோ?"

கதவுக்குப் பின்னால் அக்கா நிற்பது எனக்குத் தெரிந்தது. அம்மா என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினார். ஆனால் என் வாய் முந்திவிட்டது.

"அது காய்ச்சல் இல்லை ஐயா. மாதத்து வயித்துக்குத்து. கடையில சொல்ல வெக்கப்பட்டு அப்பிடிச் சொன்னவா."

அப்பா கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். பரிசோதகர் கைலேஞ்சியால் முகத்தைத் துடைத்தார். "சரி... எண்டாலும் அந்த டயரை எறியுங்கோ," என்றுவிட்டுப் போய்விட்டார்.

அப்பா டயரை உருட்டிக்கொண்டு போனார். இன்றைக்கு எனக்கு அடி விழப்போகிறது என்று நினைத்தேன். திரும்பி வந்தவர் குசினிக்குள் போனார். தாச்சி வைக்கிற சத்தம் கேட்டது. அம்மா எட்டிப் பார்த்தார்.

"இஞ்ச, அது உங்கட முடிச்சு. கடலுக்குப் போற நீங்கள்..."

"கடல் முழுக்க உப்புத்தானே. விடும்."

அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. முடிச்சை என் கையில் தந்துவிட்டு, சுவரைப் பார்த்துச் சொன்னார்: "இது நல்ல உப்பு. மணக்காது." பிறகு கதவுக்கு வெளியே இருந்தே, "பிள்ளை, சூடு காணுமோ, இன்னும் வேணுமோ?"

"காணும் அப்பா," என்றாள் அக்கா.

ஒத்தணம் நோவைத் தணிக்கிறதே தவிர, ஏன் இவ்வளவு நோகிறது என்று சொல்வதில்லை. அதனால் வாற கிழமை அவளை ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். நோ உச்சத்துக்குப் போகும்வரை பல்லைக் கடித்திருந்து கடைசியில்தான் அவள் குளிசை விழுங்குவாள். தொடங்கும்போதே, சாப்பாட்டுக்குப் பிறகு போடுவதுதான் நல்லது என்று வாசித்திருக்கிறேன். அவளுக்கு ஒத்துவரும் குளிசை எது என்று டொக்டரிடம் கேட்க வேண்டும். அம்மாவும் வருகிறாராம்.

அதற்கு முதல் கடை இருக்கிறது. இப்போது ஒத்திகை நடக்கிறது. நான்தான் முதலாளி, அப்பாவின் சாரத்தைக் கட்டிக்கொண்டு கதிரையில் இருக்கிறேன்.

"என்ன பிள்ளை, திரும்பவும் காய்ச்சலோ?"

"இல்லை முதலாளி. எனக்கு..." சிரிப்பு வந்து கெடுத்துவிடுகிறது. திரும்பவும் முதலிலிருந்து. இந்தத் தடவை என் கண்ணைப் பார்த்தே சொல்கிறாள்: "எனக்கு மாதத்தில வயித்துக்குத்து. லீவு வேண்டாம். அண்டைக்கு மட்டும் இருந்து வேலை செய்ய ஒரு கதிரை தாங்கோ."

நாளைக் காலை முதல் பஸ்ஸில் போகிறாள். மற்றவர்கள் வருவதற்குள் கேட்டுவிட வேண்டுமாம்.