காத்து ஆடாத விடியப்புறம்

என்ர மனுசன் ராஜரத்தினத்துக்குக் கடைக்காரன்ர தராசிலயும் சந்தேகம், கோயில் மணி அடிக்கிற நேரத்திலயும் சந்தேகம். நான் சீனி போட்டனான் எண்டு சொன்னாலும் தேத்தண்ணியை ஒருக்காக் கலக்கிப் பாத்துத்தான் குடிப்பார். வவுனியாவில எங்கட வீட்டு முன்னறையில பெடியளுக்குக் கொம்பியூட்டர் படிப்பிச்சவர்.

பின்வேலிக்கு அங்கால வீரபாகுவின்ர அரிசி மில். விடியப்புறம் உமி எரிச்சு நெல் அவிப்பினம். அந்தப் புகைக்கு எங்கட மகள் யதுர்ஷிகாவுக்குத் தொய்வு இழுக்கும். அஞ்சு வயசுப் பிள்ளை மூச்சுக்குத் தவிக்க, நான் மடியில வைச்சு விசிறிக்கொண்டிருப்பன். தொண்ணூத்தொன்பதில நகரசபையில போய் முறையிட்டம். "புகை உங்கட வீட்டிலதான் விழுகுது எண்டதுக்கு என்ன அத்தாட்சி? மாசக் கூட்டத்துக்குக் கொண்டுவாங்கோ, இல்லாட்டி இதோட முடிஞ்சுது" எண்டினம்.

இவர் விடுவாரே? எந்த நேரம் எங்க எவ்வளவு புகை விழும் எண்டு கணக்குப் பாக்கிற புரோகிராம் ஒண்டு எழுதினார். அதுக்குக் காத்தின்ர வேகம் வேணும். மற்றவையின்ர அளவை நம்பமாட்டாராம். காத்துக்குச் சுத்துற மாதிரி நாலு சிரட்டையைச் சைக்கிள் டைனமோவில பூட்டிக் கூரையில வைச்சு, வயர் இழுத்துக் கொம்பியூட்டருக்குக் குடுத்தார். சந்தியில நிண்ட ஆமிக்காரருக்கு அது ஆருக்கும் செய்தி அனுப்புற ஏரியலோ எண்டு சந்தேகம். கழட்டிக்கொண்டு போய் அடுத்த நாள்தான் திருப்பித் தந்தவை.

கூட்டம் நெருங்கேக்க கணக்கை ஓட விட்டார். பாதியில புரோகிராம் நிண்டு விழுந்திட்டுது. திரும்ப விட்டார், திரும்பவும் அதே இடத்தில விழுந்துது.

"வீரபாகு வேணுமெண்டு மோட்டரைப் போட்டுக் கரண்டை இறக்கிறான்" எண்டார். மில் பூட்டின ஞாயிற்றுக்கிழமையும் விழுந்துது. பிறகு, படிக்க வாற அனோஜன் டிஸ்கில வைரஸ் கொண்டந்திட்டானாம். அந்தப் பெடியன் அழாக்குறையாய்ப் போனான். கடைசியா, மில்லுக்கு நெல் குடுக்கிற என்ர அண்ணர் சிற்றம்பலத்தை இழுத்தார். "கோதாரி! அண்ணருக்குக் கொம்பியூட்டரை மூடத் தெரியுமோ, திறக்கத் தெரியுமோ?" எண்டு கத்தினன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தானே.

அதுக்குப் பிறகுதான் கொம்பியூட்டரில பதிஞ்ச காத்தின்ர அளவை மணித்தியாலம் மணித்தியாலமாய்ப் பாத்தார். புகையைக் காத்தின்ர வேகத்தால வகுக்கிற கணக்காம். காத்து பூச்சியம் எண்டு வாற இடத்தில வகுக்கேலாமல் விழுகுது. "பிடிச்சிட்டன்! இதெல்லாம் ஆமி கழட்டின நேரம். பொய்ப் பூச்சியம்" எண்டு எல்லாப் பூச்சியத்தையும் தூக்கி எறிஞ்சார்.

கணக்கு கடைசி மட்டும் வடிவா ஓடிச்சுது. விடை என்னெண்டால், மில் புகையால எங்கட வீட்டுக்குப் பெரிய பாதிப்பு இல்லையாம்.

"கணக்கு சொன்னால் சரிதானே" எண்டு முகம் செத்துப்போய் இருந்தார். எனக்கு விசர் வந்திட்டுது. "இஞ்சேருங்கோ, ஊரையெல்லாம் சந்தேகப்படுறியள், இதை மட்டும் நம்புறியளோ? ஆமி கொண்டுபோனது ஒரு நாள். பிள்ளைக்கு இழுத்த விடியப்புறம் எல்லாம் ஒரு இலை ஆடேல்லை. விசிறி விசிறி என்ர கை விட்டுப்போச்சு. அண்டைக்கெல்லாம் ஆர் வந்து கழட்டினது?"

எறிஞ்ச மணித்தியாலங்களைத் திரும்ப எடுத்துப் பாத்தார். ஆமி வைச்சிருந்த நேரம் போக மிச்சமெல்லாம் எங்கட பிள்ளை மூச்சுக்குத் தவிச்ச நேரம். அதுகளுக்குப் பூச்சியத்துக்குப் பதிலாச் சிரட்டையைச் சுத்தவைக்காத மெல்லிய காத்தைக் குடுத்தார். கணக்கு ஓடிச்சுது. புகை முழுக்க எங்கட வீட்டுக்கு மேல வந்து குந்தியிருந்துது.

கூட்டத்தில நகரசபைப் பெரியவர் கண்ணாடிக்கு மேலால பாத்து, "நிச்சயமோ தம்பி?" எண்டு கேட்டார்.

"ஓம் ஐயா. சந்தேகமில்லை" எண்டார் இவர். கலியாணம் கட்டின நாளில இருந்து இந்த மனுசன்ர வாயால நான் கேளாத சொல்லு அது.

நகரசபை கட்டளை போட, வீரபாகு முணுமுணுத்துக்கொண்டு புகைபோக்கியை உயத்திக் கட்டினான். காத்தில்லாத ஒரு விடியப்புறம் நான் முழிச்சுப் பாக்க இவர் பாயில இல்லை. பிள்ளைக்குப் பக்கத்தில முழங்காலில இருந்து, அவளின்ர மூக்குக்குக் கீழ விரலை வைச்சுக்கொண்டிருந்தார்.

"என்னப்பா?" எண்டன்.

"சத்தமில்லாமல் மூச்சு விடுறாள்" எண்டார். "நம்பேலாமல் கிடக்கு."