மச்சாள் காம்புக்குப் போன கதை

எங்கள் லண்டன் ஹவுன்ஸ்லோ வீட்டின் பின்வளவில் பாகற்கொடியின் கயிறு கட்டியிருக்கும் இரும்புத் துண்டு உண்மையில் ஒரு கூடார முளை. பாதியில் வளைந்தது. போன கோடையில் மகன் அதைப் பிடுங்கிக் குப்பையில் போடப் பார்த்தபோது நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாயே அடங்கிப்போனது.

அது என் மச்சாளுடையது; கணவரின் தமக்கை. விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் இடத்தில் வேலை செய்தார். எண்பதுகளில் ஊரில் ஆமிக்காரர் அவருடைய கணவரை, தங்கள் முகாமில், காம்பில் விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று ஜீப்பில் ஏற்றிப் போனார்கள். மனுஷன் திரும்பி வரவேயில்லை. அதன்பிறகு எங்கள் குடும்பத்தில் காம்ப் என்ற சொல்லை யாரும் வாயில் எடுப்பதில்லை. லண்டனுக்கு வந்து இத்தனை வருடமாகியும், இரவில் தெருவில் ஒரு வாகனம் நின்றால் மச்சாள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிடுவார். எனக்கு நெஞ்சு பற்றி எரியும். யாரைப் பிடித்து ஏசுவது?

அப்படிப்பட்டவர் தொண்ணூறுகளில் ஒரு சனிக்கிழமை தேத்தண்ணி குடித்துக்கொண்டே, “நான் காம்புக்குப் போகப்போறன்” என்றார். என் கணவருக்குப் புரையேறிவிட்டது. “என்னக்கா விசர்க்கதை?”

மச்சாள் ஒரு படத்தை மேசையில் வைத்தார். அமெரிக்கப் பாலைவனத்தில் ஒரு வனவிலங்குச் சரணாலயம். கூட வேலை செய்யும் வெள்ளைக்காரி கூடாரம் அடித்துத் தங்கி, அவள் பாஷையில் ‘காம்ப்’ பண்ணிவிட்டு வந்த இடம். “மிருகங்களுக்கு அடைக்கலம் குடுத்த இடமாம். என்னையும் ஒரு இரவு விடுவினம்தானே? பயமில்லாம வெட்டவெளியிலை ஒருக்காப் படுத்து எழும்போணும்.” பிறகு என்னைப் பார்த்து, “பிள்ளை, நீ கார் ஓட வா” என்றார். விஷயம் முடிந்தது.

பின்வளவில் தூறலுக்குள் பயிற்சி நடந்தது. தலைக்கு மேலே விமானங்கள், கீழே மச்சாளும் சுத்தியலும். “ஆக்கள் பார்க்கினம் அக்கா” என்று கணவர் ஜன்னலால் கெஞ்சினார். “பார்க்கட்டும்!”

ஹவுன்ஸ்லோவின் ஈரமண்ணில் சுகமாக இறங்கிய முளை பாலைவனத்தில் இறங்க மறுத்தது. நிலமா அது, பாறை! முதல் முளையே வளைந்துவிட்டது. காற்று கூடாரத்தை எங்கள் கையிலிருந்து பறிக்கப் பார்த்தது. கண்ணுக்கெட்டிய வரையில் முள்ளுச்செடியைத் தவிர ஒரு குஞ்சு குருமானும் இல்லை. “காருக்குள்ளை படுப்பம் மச்சாள்” என்றேன். “ஏலாது. கதவைப் பூட்டிக்கொண்டு படுக்கவோ இவ்வளவு தூரம் வந்தனான்?” சட்டி பானை கொண்டுவந்த அரிசிப் பைகளைக் காலியாக்கி, கல்லை நிரப்பி, கூடாரக் கயிறுகளை அவற்றில் கட்டினார். கூடாரம் நின்றது.

பொழுது சாயும்போது ஒரு ஜீப் வந்து நின்றது. சீருடைக்காரன் ஒருவன் இறங்கினான். மச்சாள் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் பதிந்தது. அவன் சரணாலயக் காவலன். தண்ணீர் போதுமா என்று கேட்டான், அரிசிப் பைகளைப் பார்த்துச் சிரித்தான், போய்விட்டான். புழுதி அடங்கும்வரை மச்சாள் அசையாமல் நின்றார். இனி மூட்டை கட்டவேண்டியதுதான் என்று நினைத்தேன். “வந்தவன் போயிட்டான். இனியென்ன, படுப்பம்” என்று உள்ளே போனார்.

விடியும் நேரம், சுருண்ட கொம்புகளோடு மலையாடுகள் கூடாரத்துக்கு அருகிலேயே வந்து நின்றன. அவற்றைப் பார்க்கவேண்டும் என்று மச்சாள் லண்டனிலேயே சொல்லிக்கொண்டிருந்தார். எழுப்பக் கையை நீட்டினேன். வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அப்படி அவர் தூங்கி நான் கண்டதேயில்லை. எழுப்பவில்லை. “அதைப் பார்க்கவெல்லோ வந்தனாங்கள், அறுவாளே!” என்று விமான நிலையம்வரை திட்டு வாங்கினேன்.

லண்டன் திரும்பியதும் கொழும்பிலிருந்த தன் தாய்க்கு போன் எடுத்தார். லைன் இரைச்சலில் கத்தித்தான் பேசவேண்டும். “ஓம் அம்மா, காம்புக்குத்தான். போயிட்டு வந்திட்டன்!” மறுமுனையில் தாய் “ஆர் உன்னை விட்டது?” என்று அலறியது எனக்கே கேட்டது.

மச்சாள் இப்போது இல்லை. “இந்த வளைஞ்ச இரும்பிலை என்ன இருக்கு?” என்று, பிடுங்கிய முளையைக் கையில் வைத்துக்கொண்டு மகன் கேட்டான். “உன்ரை மாமி காம்பிலையிருந்து கொண்டுவந்தது” என்றேன்.

“எந்த காம்ப்சைட் அம்மா? நல்ல இடமோ?” என்றான்.

“ஓம்” என்று சொல்லிவிட்டு, முளையைத் திரும்ப அடித்து இறக்கினேன்.