பன்னிரண்டாவது ஊர்

முப்பத்து மூன்று வருஷத்தில் பதினோரு ஊர். கல்யாணமான மறுவாரமே முதல் ஊருக்குப் பெட்டி கட்டியவள், அதற்குப் பிறகு கட்டிக்கொண்டேதான் இருந்தாள். கணவர் லிஃப்ட் மெக்கானிக். எங்கே புதிதாக மாடிக் கட்டடங்கள் எழும்புகின்றனவோ அங்கே கம்பெனி அவரை அனுப்பும். அவர் பின்னாலேயே ஒரு தையல் மிஷினும் ஒரு மகனும் இவளும் போவார்கள். எந்த ஊராக இருந்தாலும் போய்ச் சேர்ந்த ஒரு மாதத்துக்குள் துணிப்பையோடு நாலு பேர் கதவைத் தட்டிவிடுவார்கள். பேண்ட் நீளத்தைக் குறைக்க ஒருவர், ஜிப் மாற்ற ஒருவர், உடம்பு போட்டுவிட்டதால் பழைய சட்டையைப் பிரித்துத் தைக்க ஒருவர். அவளுடைய பெயரை யாரும் கேட்டதில்லை. பதினோரு ஊரிலும் அவள் தையல்காரம்மாதான்.

கணவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"இனிமே கம்பெனி சொல்ற ஊர்னு ஒண்ணும் கிடையாது. எங்க வேணா இருக்கலாம். எங்க இருக்கலாம், சொல்லு."

ஒரு கோட்டின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தவளின் கை அப்படியே நின்றது. சின்ன வயதில் அப்பா சொன்ன ஊர், பிறகு கம்பெனி சொன்ன ஊர். இந்தக் கேள்வி அவளிடம் வந்ததே இல்லை. அதற்காக அவள் மலைத்துவிடவும் இல்லை. பதினோரு ஊரில் குப்பை கொட்டியவளுக்கு ஓர் ஊரைப் பற்றித் தெரியாதது என்ன இருக்கிறது?

"யோசிச்சுச் சொல்றேன். அவசரப்படுத்தாதீங்க" என்றாள்.

தலைநகரத்தில் வேலை பார்க்கும் மகன் மறுநாளே போன் செய்துவிட்டான்.

"இதுல யோசிக்க என்னம்மா இருக்கு? எங்க கட்டடத்துலயே கீழ ஒரு வீடு காலியாகுது. வந்துடுங்க."

"உன் பக்கத்துல இருக்க எனக்கு ஆசை இல்லாமலாடா? ஆனா காலையில நீயும் உன் பொண்டாட்டியும் வேலைக்குப் போனா ராத்திரிதான் வர்றீங்க. நடுவுல நான் சுவரோடயா பேசறது?"

மகன் விடவில்லை. நாட்டிலேயே குடியிருக்கத் தகுந்த ஐந்து ஊர்கள் என்று எங்கிருந்தோ ஒரு பட்டியலைப் பிடித்து அனுப்பினான். ஆஸ்பத்திரி, காற்று, சாலை, பாதுகாப்பு என்று ஒவ்வொன்றுக்கும் மார்க் போட்டிருந்தார்கள். முதலிடம் ஒரு கடற்கரை ஊருக்கு. அதைப் பார்த்ததும் கணவரின் முகம் மலர்ந்துவிட்டது. வாழ்நாள் முழுக்க லிஃப்ட் ஓடும் இருட்டுக் குழிக்குள் கிரீஸும் கையுமாக நின்றவர். மேலே பார்த்தாலும் இருட்டு, கீழே பார்த்தாலும் இருட்டு. கண்ணுக்கு எட்டும்வரை எதுவும் மறைக்காத ஓர் இடத்தில் உட்கார வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை.

"கடல்தான். முடிவாயிடுச்சு" என்றார்.

"இருங்க இருங்க. மார்க் போட்டவங்க அங்க துணி காயப்போட்டுப் பாத்தாங்களா? ரெண்டு வாரம் போய்க் குடியிருப்போம். அதுவும் மழை மாசத்துல."

"மழையிலயா? யாராவது அப்பப் போவாங்களா?"

"விருந்தாளி வர்ற நாள்ல எல்லா வீடும் சுத்தமாத்தான் இருக்கும். சொல்லாம கொள்ளாம போய் நிக்கணும். இன்னொண்ணு, ஊர் சுத்திப் பாக்கப் போகக் கூடாது. சமைக்கணும், துவைக்கணும், பஸ் புடிக்கணும், டாக்டர்கிட்ட போய் வரிசையில உக்காரணும். அப்பத் தெரியும் சேதி."

கடற்கரை ஊரில் மூன்றாம் மாடியில் ஓர் அறை கிடைத்தது. ஜன்னலைத் திறந்தால் கடல். கணவர் ஜன்னலோர நாற்காலியை விட்டு அசையவில்லை. இவளோ துவைத்த துணி மூன்று நாளாகியும் காயாததைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஒன்பதாம் நாள் கைத்தையல் ஊசியில் துரு ஏறியிருந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. வெயில் காலத்தில் மட்டும் வருகிறவர்களின் வீடுகள் அவை. பக்கத்து அறைப் பெண்மணியிடம் டாக்டர் எங்கே என்று கேட்டால், "நாங்களும் புதுசுதாங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். சட்டைக்கு ஒரு பட்டன் கேட்டதற்கு, பன்னிரண்டாக வாங்கினால் வாங்கு என்று கடைக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"காத்து நல்லாருக்கே" என்றார் கணவர், கடைசி நாளில்.

"காத்து நல்லாத்தான் இருக்கு. ஆள் எங்க? நாளைக்கு உங்களுக்கோ எனக்கோ ஒண்ணுன்னா யாரைக் கூப்பிடறது, அலையையா?"

அவர் இரண்டு நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

பட்டியலில் இரண்டாவதாக இருந்த மலை ஊரை வேண்டாமென்று சொல்லும் வேலையே இவளுக்கு இருக்கவில்லை. பஸ் நிற்கும் இடத்திலிருந்து தங்கிய வீட்டுக்கு அறுபத்திரண்டு படிகள். நாலாம் நாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பாதிப் படியில் உட்கார்ந்த கணவரே, "வேணாம்மா, இறங்கிடுவோம்" என்றார்.

இறங்கும் வழியில், பஸ் மாற வேண்டிய ஓர் ஊரில், அவருடைய முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. மேற்கொண்டு ஓர் அடி வைக்க முடியவில்லை. எதிரே தெரிந்தது அரசு ஆஸ்பத்திரி. பக்கத்தில் ஒரு சைக்கிள் கடை. அதன் பின்கட்டில் வாடகைக்கு ஓர் அறை எடுத்துத் தங்கினார்கள். ஊரில் பாட்டில் செய்யும் தொழிற்சாலை ஒன்று, அதைச் சுற்றி வீடுகள், ஒரு நூலகம், ஒரு பள்ளிக்கூடம். பார்த்த மாத்திரத்தில் மனத்தில் பதிகிற மாதிரி ஒன்றுமே கிடையாது.

ஆஸ்பத்திரியில் முக்கால் மணி நேரத்தில் கூப்பிட்டார்கள். டாக்டர் காலை அழுத்திப் பார்த்ததோடு நிற்காமல், "என்ன வேலை பாத்தீங்க? எத்தனை வருஷம் குனிஞ்சு நின்னீங்க?" என்று கேட்டு எழுதிக்கொண்டார். கட்டுப் போட வந்த நர்ஸின் கண், தையல்காரம்மாவின் காலரில் குத்தியிருந்த ஊசியின் மேல் விழுந்தது.

"தைப்பீங்களாம்மா? இந்த யூனிஃபார்ம் தோள்ல பிரிஞ்சு ஒரு மாசமா பின்னைக் குத்திக்கிட்டுத் திரியறேன்."

"கழட்டிக் குடு. பத்து நிமிஷ வேலை."

மறுநாள் நாலு நர்ஸுகள் வந்தார்கள். அதற்கடுத்த நாள் சைக்கிள் கடைக்காரரின் மனைவி, "கையால தைச்சுக் கண்ணைக் கெடுத்துக்காதீங்கக்கா" என்று தன் மிஷினையே தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள்.

கணவர் காலை நீட்டிப் படுத்திருந்த அந்தப் பத்து நாளில் அவள் ஊரை அளந்துவிட்டாள். தெருவெல்லாம் சமதளம். தொழிற்சாலை ஷிஃப்டுக்காக ஓடுகிற பஸ், பத்து நிமிஷத்துக்கு ஒன்று. இருட்டிய பிறகும் வயதான பெண்கள் கையை வீசிக்கொண்டு தனியாக நடந்தார்கள். பட்டன் கடைக்காரர் மூன்று டப்பாவைக் கவிழ்த்துத் தேடி, நிறம் ஒத்துப்போகும் ஒரே ஒரு பட்டனை எடுத்துக் கொடுத்தார்.

"இங்கயே இருந்துடலாம்" என்றாள்.

கணவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இங்கயா? பாக்கறதுக்கு என்ன இருக்கு இந்த ஊர்ல?"

"பாக்கறதுக்கா வந்தோம்? இருக்கறதுக்குத்தானே வந்தோம்."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, நொந்துபோயிருக்கிறார் என்பது அவளுக்குப் புரிந்தது. ஒரு குழியிலிருந்து வெளியே வந்த மனிதரை இன்னொரு சந்துக்குள் தள்ளக் கூடாது. ஊர் விஷயத்தில் அவள் ஒற்றைக்காலில் நின்றாள்; வீட்டு விஷயத்தில் அவருக்காக அலைந்தாள். எட்டு வீடுகளை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒன்பதாவதாகப் பள்ளிக்கூட மைதானத்தை ஒட்டிய வீட்டைப் பிடித்தாள். படி ஏற வேண்டாம். பின்ஜன்னலைத் திறந்தால், மைதானத்துக்கு அந்தப் பக்கம் வயல். அதற்கு அந்தப் பக்கம் வெறும் வானம்.

கணவரை அங்கே ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, அவள் ஜன்னலை விரியத் திறந்துவிட்டாள். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"வருஷத்துக்கு ரெண்டு வாரம் கடலுக்குப் போகணும்" என்றார்.

"மூணு வாரம் போவோம். ஆனா வெயில் மாசத்துல."

சேதி கேட்ட மகன் போனிலேயே குதித்தான். "அந்த ஊர் லிஸ்ட்லயே இல்லம்மா!"

"லிஸ்ட் போட்டவங்க இங்க வராம விட்டுட்டாங்க. அதுக்கு நான் என்னடா பண்ண முடியும்?"

எல்லாம் தேனும் பாலுமாக ஓடிவிடவில்லை. காற்று திசை மாறினால் தொழிற்சாலைப் புகை கொடித் துணியில் படியும். அவள் வாய்விட்டுத் திட்டிக்கொண்டே மறுபடியும் அலசுவாள். முதல் கோடையில், "உன் பேச்சைக் கேட்டு வந்து வேகறேன்" என்று கணவர் நாளுக்கு நாலு தடவை சொன்னார். இரண்டாம் வருஷம் அவருடைய முழங்காலில் ஆபரேஷன் செய்ய வேண்டி வந்தது. மகன் லீவு போட்டுக்கொண்டு பதறியடித்து ஓடிவந்தபோது, வார்டில் அப்பாவின் தலையணையைச் சரி செய்துகொண்டு ஒரு நர்ஸும், கஞ்சிப் பாத்திரத்தோடு சைக்கிள் கடைக்காரரின் மனைவியும், வீட்டுச் சாவியோடு எதிர்வீட்டு பஸ் டிரைவரும் நின்றிருந்தார்கள். அம்மா ஒரு மூலையில் உட்கார்ந்து நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஊரைப் பற்றி அவன் அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை.

கால் தேறியதும் கணவர் சும்மா இருக்கவில்லை. ஆஸ்பத்திரி லிஃப்டில் மூன்றாம் மாடி தாண்டும்போது வரும் சத்தம் சரியில்லை என்று தானாகவே போய்ச் சொன்னார். திறந்து பார்த்ததில் உருளை ஒன்று தேய்ந்துபோயிருந்தது. அன்றிலிருந்து லிஃப்ட் தும்மினாலும் அவருக்குத்தான் போன் வருகிறது. தையல்காரம்மா முன்னறையைக் கடையாக்கி, தொழிற்சாலையில் வேலை போன இரண்டு பெண்களைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டாள். பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்தில் மூன்று மிஷினும் ஓயாது.

போன மாதம் வீட்டுக்காரர் வாடகைப் பத்திரத்தைப் புதுப்பிக்க வந்தார். பேனாவை எடுத்துக்கொண்டு, "எத்தனை வருஷத்துக்கு எழுதட்டும்மா?" என்றார்.

வெட்டிக்கொண்டிருந்த துணியிலிருந்து அவள் தலையை நிமிர்த்தவில்லை.

"அந்தப் பேப்பர்ல எத்தனை வருஷம் எழுத முடியுமோ, அத்தனையும் எழுதுங்க."