பிரிட்ஜில் வைத்த மாங்காய்

என் மாமியார் வீட்டு பிரிட்ஜுக்குப் பூட்டு உண்டு. எண்பதுகளில் வந்த பிரிட்ஜுகளின் கதவில் சாவித் துவாரம் இருக்கும். யாரும் அதைச் சட்டை செய்வதில்லை. என் மாமியார் செய்தார். ராஜகீழ்ப்பாக்கத்தில் அந்த வீட்டுக்கு நான் மருமகளாகப் போன நாளிலிருந்து சாவி அவர் இடுப்பில்தான் கிடந்தது. பிரிட்ஜும் சமையலறையில் இல்லை. வருகிறவர்கள் கண்ணில் படும்படி ஹாலில், தலையில் பூப்போட்ட துணியோடு நின்றது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். காய்கறியை வாடாமல் வைப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கொத்தமல்லியின் வேரை நறுக்கி, ஈரம் போகத் துடைத்து, செய்தித்தாளில் சுருட்டுவார். பச்சை மிளகாயைக் காம்பு கிள்ளித்தான் டப்பாவில் போடுவார். வெண்டைக்காய்க்குத் துணிப்பை. எல்லாம் சரி, என்ன பிரயோஜனம்? "முதல்ல பழசு தீரட்டும்" என்பது அந்த வீட்டுச் சட்டம். என் கணவர் தாம்பரம் மார்க்கெட்டிலிருந்து பளபளவென்று கத்தரிக்காய் வாங்கி வருவார். அது உள்ளே போகும். போன வாரத்துச் சுருங்கல் கத்தரிக்காய் வெளியே வரும். புதுசு பழசாகும்வரை காத்திருந்து தின்ற குடும்பம் அது. கொடுமைடா சாமி!

அப்போது நான் முழுகாமல் இருந்தேன். வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லை. ஒன்றே ஒன்றுக்குத்தான் நாக்கு அலைந்தது: பீர்க்கன்கரணையில் என் அப்பா வீட்டு வாசலில் நின்ற மாமரத்தின் பழம். பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றி அந்த மரத்தை வளர்த்தவள் நான். நான் அங்கே இருந்தவரை ஒரு பூ பூக்கவில்லை, சனியன். என்னைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகு, அந்தக் கோடையில்தான் முதல் முறையாகக் காய்த்தது.

அப்பா ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்தவர். சைக்கிள் ஹாண்டில்பாரில் பையை மாட்டிக்கொண்டு வந்தார்.

"மொதக் காய்ப்பு கண்ணு. ஒருத்தர் வாயிலயும் வைக்கல. உனுக்குத்தான் மொதல்ல," என்றார். பிறகு மாமியாரிடம், "நல்லா முத்தின காய் சம்பந்தியம்மா. அரிசி டின்னுல போட்டு வச்சா பழுத்துடும்" என்றார்.

"அரிசியெல்லாம் மாங்கா வாசம் அடிக்கவா? பிரிட்ஜ் எதுக்கு இருக்கு?" என்று மாமியார் பையை வாங்கினார். ஒவ்வொரு காயையும் துடைத்து, செய்தித்தாளில் சுற்றி, அடுக்கிப் பூட்டினார்.

"காயைக் குளிர்ல வச்சா பழுக்காது அத்தை," என்றேன்.

"ஏம்மா, உங்க வீட்ல பிரிட்ஜ் இருந்துதா?" என்று கேட்டார். அப்பா தரையைப் பார்த்தார். டீயை அவசரமாகக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

அதன் பிறகு நான் மாங்காயைக் கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான்: "இருக்கிற சாத்துக்குடி தீரட்டும்." தீர்த்துவிடலாம் என்று, வற்றிப்போன சாத்துக்குடியைக் கசப்போடு விழுங்கினேன். கடைசிப் பழம் தீர்ந்த அன்றே என் கணவர் இன்னொரு பை சாத்துக்குடியோடு வந்து நின்றார். அந்த மனுஷனை என்ன செய்வது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா மறுபடி வந்தார். பழம் எப்படி இருந்தது என்று கேட்கத்தான் வந்திருந்தார். வேறு வழியில்லாமல் மாமியார் பூட்டைத் திறந்தார். செய்தித்தாளைப் பிரித்தால் தோலெல்லாம் கறுப்புக் குழி. நறுக்கினால் உள்ளே சாம்பல் நிறம், சளசளவென்று நீர். ஒன்றுகூடத் தேறவில்லை.

தட்டை அப்பா முன்னால் வைத்தார் மாமியார். "பாத்துக்கோங்க சம்பந்தி. மரத்துலயே வியாதி. புள்ளத்தாச்சிக்கு இதையா கொண்டாருவாங்க? நல்லவேளை, நான் பூட்டி வச்சேன்."

"மரத்துல ஒண்ணும் இல்ல! உங்க பிரிட்ஜுதான் கெடுத்துச்சு," என்று கத்தினேன். என் கணவர் பேப்பருக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டார். அப்பா எழுந்தார். எனக்காகப் பேசப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் மாமியாரைப் பார்த்துக் கையைக் கூப்பினார்.

"மன்னிச்சிக்கோங்கம்மா. மரத்துல நோவு கீதுன்னு எனக்குத் தெரியாமப் பூட்ச்சி. இவ சின்னப் பொண்ணு, தெரியாமப் பேசுறா."

பிரிட்ஜ் வைத்திருக்கிறவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற மனிதர். அந்த வெகுளித்தனத்தின் மேல் எனக்கு இன்றும் ஆத்திரம்தான்.

மழைக்காலத்தில், வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்காக அப்பா வீட்டுக்குப் போனேன். வாசல் மொட்டையாக இருந்தது. மரம் நின்ற இடத்தில் அடிக்கட்டை மட்டும்.

"இன்னாப்பா இது?"

"நீ வர்ற நேரத்துல நோவு புடிச்ச மரம் வாசல்ல நிக்கக்கூடாதுன்னு நான்தான் வெட்டிட்டேன் கண்ணு," என்றார், பெருமையாக. கட்டையைக் குனிந்து பார்த்தேன். ஒரு பூச்சி அரித்த அடையாளம்கூட இல்லை.

குழந்தை பிறந்ததும் மாமியார் பார்க்க வந்தார். கட்டையைப் பார்த்துவிட்டு, "நல்லதாப் போச்சு. பிரிட்ஜுல இடம் மிச்சம்," என்றார். அப்பாவும் கூடச் சிரித்தார். மாமியார் கொண்டுவந்த பையில் பழைய சாத்துக்குடிகள், தோல் சுருங்கி, இன்னும் சில்லென்று இருந்தன. அப்பா பையை இரண்டு கையாலும் வாங்கினார். ஒன்றை உரித்து, என் வாய்க்கருகே நீட்டினார்.

"பிரிட்ஜுல வச்ச பழம் கண்ணு. துன்னு."