அண்ணன் அமுக்கிய பட்டன்

என் வேலை என்னவென்று சொந்தக்காரர்களுக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. கம்ப்யூட்டர் என்று வாயைத் திறந்ததும் யாராவது ஒருவர் பழுதான பிரிண்டரைக் கொண்டுவந்து முன்னால் வைத்துவிடுவார். நான் செய்வது வேறு. இயந்திரங்களுக்குள் நகக்கண் அளவில் உட்கார்ந்திருக்கும் சிப்புகளுக்குப் புரோகிராம் எழுதுகிறேன். ஒரே சிப்பு நாலைந்து வேலைகளைப் பார்க்கவேண்டும். எது முந்தி, எது பிந்தி என்று முறை வகுப்பதுதான் என் பிழைப்பு. எங்கள் தொழிலில் சரியான விடை தாமதமாக வந்தால் அது தப்பான விடை. இவ்வளவையும் பொறுமையாகச் சொல்லி முடித்தால், "அப்ப பிரிண்டர் பாக்கத் தெரியாதா?" என்று கேட்பார்கள்.

அப்படிப்பட்ட நான் குடும்பத்துக்கு உருப்படியாகச் செய்துகொடுத்த முதல் பொருள் மதினியின் முட்டை பொரிக்கும் இன்குபேட்டர். அண்ணன் குவைத்தில் வேலை பார்க்கிறார். அவர் மனைவி, என் மதினி, அறந்தாங்கிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு நாட்டுக்கோழி வளர்க்கிறார். குஞ்சு கேட்டு வருபவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். கோழிகளோ தங்களுக்குத் தோன்றியபோதுதான் அடை உட்காரும். அதனால் மதினி பட்டறையில் சொல்லி ஒரு பெரிய பெட்டி செய்துவிட்டார். உள்ளே ஹீட்டர், விசிறி, முட்டைத் தட்டுகளைச் சாய்த்துத் திருப்ப ஒரு மோட்டார். அதற்கு மூளை வைப்பது என் பொறுப்பு.

அண்ணன் போனில் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "இது மட்டும் நல்லபடியாப் பொரிச்சுருச்சுன்னா நான் விசாவப் புதுப்பிக்கலத்தா. பேப்பரப் போட்டுட்டு ஊருக்கே வந்துர்றேன்." மதினி பக்கத்தில்தான் நின்றார். வாங்க என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் அண்ணனை வரச்சொல்லி ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்டால் அண்ணனுக்கு அங்கே வேலை ஓடாது என்பது அவர் கட்சி.

அண்ணனுக்கு ஓர் ஆசை இருந்தது. அவர் போனில் ஒரு பட்டன் வேண்டுமாம். அமுக்கினால் பெட்டிக்குள் எவ்வளவு சூடு என்று அவருக்குக் காட்டவேண்டும். அதே நேரத்தில் இங்கே கொட்டகையில் ஒரு மெட்டு வாசிக்கவேண்டும். "வேல நேரத்துல பேச முடியாதுல்ல. நான் பாத்தேன்னு ஒங்க மதினிக்குத் தெரியணும்" என்றார். மெட்டையும் அவரே விசிலடித்து அனுப்பினார். கேட்கச் சகிக்காது. அதை அப்படியே, அபஸ்வரம் கெடாமல், சிப்புக்குள் ஏற்றினேன். முதல் தடவை அது ஒலித்தபோது கோழிகள் அலறி அடித்துக்கொண்டு மூலைக்கு ஓடின. மதினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

முதல் அடை வீணாகிவிட்டது. விரல்விட்டு எண்ணும்படி சில குஞ்சுகள் மட்டும் வெளியே வந்தன. மற்றவை ஓட்டுக்குள்ளேயே செத்துக் கிடந்தன. முட்டை சரியில்லை, வெயில் சரியில்லை என்று ஆளுக்கு ஒன்று சொன்னோம். இரண்டாவது அடை வைத்தபோது அண்ணன் குரல் மாறியிருந்தது. கம்பெனியில் விசாவைப் புதுப்பிக்கக் கையெழுத்துக் கேட்கிறார்கள், இந்த அடையையும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று இழுத்து வைத்திருக்கிறேன் என்றார். இதுவும் போனால் அவர் மறுபடி அங்கேயே இருந்துவிடுவார்.

இரண்டாவது வாரத்தில் மதினி கூப்பிட்டார். "ஆத்தா, இந்தப் பொட்டிக்கு வெள்ளிக்கெழமன்னாப் பேய் புடிக்குது. ஒன் டிஸ்ப்ளே முப்பத்தேழரைன்னு சொல்லுது. உள்ள தொங்குற தெர்மாமீட்டரு எங்கியோ ஏறி நிக்குது. நான் கதவத் தொறந்து விட்டுத்தான் எறக்குனேன்."

நான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு, நான் இருக்கும் அன்னவாசலிலிருந்து பஸ் ஏறிவிட்டேன். என் வேலையை எங்கிருந்தும் பார்க்கலாம் என்பது எவ்வளவு நல்லது! போய் இறங்கியதும் சென்சாரை மாற்றினேன், ஒயரை மாற்றினேன், இன்வெர்ட்டரைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் கண்ணில் பட்டது சாம்பிராணி. வெள்ளிக்கிழமை தோறும் மதினி கொட்டகைக்குள் கமகமவென்று புகை போடுவார். பிடித்தேன் திருடனை என்று குதித்தேன். புகை போய்ச் சென்சாரில் படிகிறது, இனிமேல் கொட்டகைக்குள் தூபக்காலே வரக்கூடாது என்று பெரிய மனுஷி மாதிரி உத்தரவு போட்டேன். மதினி முகம் சுருங்கினாலும் சரி என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை புகை இல்லை. காலையில் நான் பெட்டிக்கு முன்னாலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அண்ணனின் மெட்டு ஒலித்தது. முடியும் முன்பே மறுபடி. அதற்கு மேல் ஒன்று. "இன்னிக்கு அவுகளுக்கு லீவு. பொழுது போகாம அமுக்கிக்கிட்டே இருப்பாக" என்று மதினி தீவனம் அள்ளிக்கொண்டே சொன்னார். அவர் முகத்தில் அந்த ஒலிக்காகவே ஒரு வெளிச்சம் இருந்தது. நான் கண்ணாடி வழியே தெர்மாமீட்டரைப் பார்த்தேன். ஏறிக்கொண்டிருந்தது! டிஸ்ப்ளேயில் முப்பத்தேழரை அசையாமல் நின்றது. மெட்டு ஓய்ந்தது. ஓய்ந்த நொடியில் ஹீட்டர் அணைந்தது, டிஸ்ப்ளே எகிறியது.

ஸ்டூல் கவிழ எழுந்து, "மதினி, பேய் சிக்கிருச்சு!" என்று கத்தினேன். கோழிகள் மறுபடி மூலைக்கு ஓடின.

நடந்தது இதுதான். ஹீட்டரைக் கவனிக்கும் வேலைக்கு நான் முதல் இடம் கொடுத்திருந்தேன். மெட்டு வாசிப்பதற்கு நடு இடம். அண்ணன் போனுக்குச் சூட்டை அனுப்புவதற்குக் கடைசி இடம். அது ஒரு கணம் தாமதித்தால் யாருக்கும் நஷ்டமில்லை. சென்சார் ஒன்றுதான். ஒருவர் படிக்கும்போது இன்னொருவர் கைவைத்துக் குழப்பாமல் இருக்க அதற்கு ஒரு பூட்டு, ஒரு சாவி. சாவி யாரிடம் இருக்கிறதோ அவர்தான் படிக்கலாம். அண்ணன் பட்டனை அமுக்கியதும் கடைசி ஆள் சாவியை வாங்கிச் சென்சாரிடம் போகிறான். அதற்குள் மெட்டு ஆரம்பித்துவிடுகிறது. அது மேலிடம் என்பதால் கடைசி ஆளை ஒதுக்கிவிட்டுச் சிப்பைத் தன்வசம் எடுத்துக்கொள்கிறது. கடைசி ஆள் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு ஓரமாக நிற்கிறான். ஹீட்டரைக் கவனிப்பவன் வந்து சாவியைக் கேட்கிறான், கிடைப்பதில்லை; டிஸ்ப்ளேயும் பழைய எண்ணிலேயே நிற்கிறது. அண்ணன் பத்துத் தடவை அமுக்கினால் பத்து மெட்டும் வரிசையாக வாசித்து முடியும்வரை எல்லாருக்கும் மேலே இருப்பவன் காத்துக் கிடக்கிறான். ஹீட்டர் எரிந்தபடி மாட்டினால் பெட்டி கொதிக்கும். அணைந்தபடி மாட்டினால் குளிரும்.

மதினிக்கு வேறு மாதிரி சொன்னேன். ஒடுக்கமான பாலத்தில் ஒரு லோடு வண்டி நிற்கிறது. எதிரே சாமி ஊர்வலம் வருவதால் அதை அப்படியே நிற்கச் சொல்லிவிட்டார்கள். பின்னால் ஆம்புலன்ஸ் அலறுகிறது. ஆம்புலன்ஸைப் பார்த்தால் ஊர்வலமே ஒதுங்கும். ஆனால் ஊர்வலக்காரர்களுக்கு முன்னால் தெரிவது லோடு வண்டிதானே? ஆம்புலன்ஸின் அவசரத்தைக் கொஞ்ச நேரத்துக்கு அந்த லோடு வண்டிக்குக் கொடுத்துவிட்டால் போதும். வண்டி பாலத்தைக் கடந்துவிடும், வழி திறந்துவிடும், அப்புறம் அது பழைய லோடு வண்டிதான். இதைச் செய்யும் பூட்டு ஒன்று தயாராகவே இருக்கிறது. நான் போட்டிருந்தது சாதாரணப் பூட்டு. மாற்ற வேண்டியது ஒரே ஒரு வரி. ஒரு வரிக்காக ஓர் அடை முட்டை முழுவதும் போயிருக்கிறது என்று நினைத்தபோது அழுகையும் வந்தது, கண்டுபிடித்த சந்தோஷத்தில் சிரிப்பும் வந்தது.

உடனே வரியை மாற்றி ஏற்றினேன். அண்ணனைக் கூப்பிட்டு நடந்ததைச் சொல்லி, "இப்ப அமுக்குங்கண்ணே, சோதிச்சுப் பாக்கணும்" என்றேன்.

அண்ணன் அமுக்கவில்லை. "அப்ப நான் அமுக்குனதுலதான் அம்புட்டுக் குஞ்சும் செத்துச்சா?" என்றார்.

"ஒங்க பட்டன்ல ஒண்ணும் இல்லண்ணே. பூட்டுத்தான் தப்பு."

"வேணாம்த்தா. நான் இனிமே அதத் தொடமாட்டேன்."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், மனிதர் மசியவில்லை. மதினி ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டுப் போனை வாங்கினார். "இங்க பாருங்க, அது வாசிக்காம இந்தக் கொட்டகையில நான் எப்புடி இருக்கது? தங்கச்சி சரி பண்ணிருச்சு. அமுக்குங்க."

மெட்டு ஒலித்தது. நாங்கள் இருவரும் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்றோம். ஹீட்டரின் சின்ன விளக்கு மெட்டின் நடுவிலேயே அணைந்தது, எரிந்தது, அணைந்தது. "இன்னும் அமுக்குங்கண்ணே!" என்று கத்தினேன். அவருக்கும் தெம்பு வந்துவிட்டது போல; விடாமல் அமுக்கினார். அந்தச் சகிக்காத விசில் கொட்டகையைக் கிழித்தது. தெர்மாமீட்டர் இருந்த இடத்திலேயே இருந்தது. நான் மதினியைக் கட்டிப்பிடித்துச் சுற்றியதில் தீவனச் சட்டி உருண்டது. பிறகு மதினி செல்போன் டார்ச்சை முட்டைகளுக்கு அடியில் பிடித்துப் பார்த்தார். கதவைத் திறந்து திறந்து அவர் காப்பாற்றிய முட்டைகளில் அநேகமாக எல்லாமே உள்ளே உயிரோடு இருந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்ததும் தூபக்காலை எடுத்துவந்து, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் புகை போட்டார். நான் ஸ்டூலை நகர்த்தி வழிவிட்டேன்.

பொரிக்கும் நாளில் ஊருக்குத் திரும்பாமல் அங்கேயே இருந்தேன். காலையில் பெட்டிக்குள்ளிருந்து மெல்லிய கீச்சொலி கேட்டது. முதலில் ஒரு முட்டையில் விரிசல், பிறகு தட்டு முழுக்க. ஓட்டை உடைத்துக்கொண்டு ஈரமும் சுருக்கமுமாக வெளியே விழுந்த குஞ்சுகள், உலர உலரப் பஞ்சாக உப்பின. ஒன்றின் மேல் ஒன்று ஏறின. என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. கொட்டகைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

மத்தியானம் அண்ணன் சாப்பாட்டு இடைவேளையில் கூப்பிட்டார். மதினி போனை ஸ்பீக்கரில் போட்டுப் பெட்டிமேல் வைத்தார். கீச் கீச்சென்ற சத்தம் அவருக்குக் கேட்டிருக்கவேண்டும். "என்ன சத்தம் அது? பொரிச்சிருச்சா? எத்தன? சொல்லுங்களேன், எத்தன பொரிச்சிருக்கு?" என்று பறந்தார்.

நான் சொல்ல வாயெடுத்தேன். மதினி கையைக் காட்டி என்னை நிறுத்தினார். போனை எடுத்து வாயருகில் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"வந்து நீங்களே எண்ணிக்கங்க."

பின்னால் யாரோ அண்ணனைச் சாப்பிடக் கூப்பிடுவது கேட்டது. "பேப்பரப் போட்டுட்டு வாரேன்" என்றார்.

மதினி போனை என்னிடம் கொடுத்துவிட்டு, முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு, குஞ்சுகளுக்குத் தண்ணீர் வைக்கப் போனார்.