படுத்துப் பார்த்து வாங்கிய வீடு

என் அக்கா வீடு பார்க்கப் போனால் சமையலறை எவ்வளவு பெரிசு, தண்ணீர் வருமா, வெளிச்சம் வருமா என்று ஒரு கேள்விகூடக் கேட்க மாட்டாள். நேரே படுக்கையறைக்குப் போவாள். கைப்பையைத் தலைக்கு வைத்துத் தரையில் படுத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். முதல் தடவை அதைப் பார்த்த புரோக்கர் பதறிப்போய், "மேடத்துக்கு என்னாச்சு சார்? தண்ணி கொண்டு வரட்டுமா?" என்று அக்காவின் கணவரிடம், அதாவது என் மாமாவிடம் கேட்டார். மாமா உதட்டில் விரலை வைத்து, "ஷ்ஷ்! வீடு பாக்கறாங்க" என்றார்.

சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது. அக்காவுக்கு ரொட்டித் தொழிற்சாலையில் அடுப்புப் பிரிவில் வேலை. பத்தொன்பது வருஷமாக ராத்திரி ஷிஃப்ட். ஊர் படுக்கும்போது கிளம்பிப் போவாள். ஊர் எழுந்து அவள் சுட்ட ரொட்டியைத் தின்னும்போது வந்து படுப்பாள். எங்கள் குடும்பத்தில் அவளுக்கு ஆந்தை என்றே பெயர். ஆனால் ஆந்தைக்காவது பகலில் தூக்கம் வரும். இவள் இருந்த வாடகை வீடு நாலு தெரு கூடும் இடத்தில். ஸ்கூட்டர் போகும், இரும்பு கேட் கிறீச்சிடும், எதிர்வீட்டில் சுவரில் துளை போடுவார்கள். காதில் பஞ்சு, அதன்மேல் துண்டு, அதற்கும் மேல் தலையணை. இத்தனையும் வைத்து மூன்று மணி நேரம் தூங்கினால் அன்று அவளுக்குப் பெரிய நாள்.

இந்த மூன்று மணி நேரத்துக்காக அந்த வீட்டில் எல்லோரும் குரலைத் தொலைத்துவிட்டார்கள். மாமா பஸ் டிப்போவில் டயர் மாட்டுகிறவர். அந்த இரைச்சலிலும் கிசுகிசுத்துத்தான் பேசுவார். அங்கே அவருக்கு 'ரகசியம்' என்று பட்டப்பெயர். அவர்கள் மகளுக்குப் பதிமூன்று வயது, நான் வைத்த பெயர் பூனை. தெருவிலேயே ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வாள். கேட்டை ஒரு சத்தமும் இல்லாமல் திறப்பாள். மூன்றரை மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்து, மேஜைமேல் மூடி வைத்ததைத் தட்டு நகராமல் சாப்பிட்டுவிட்டு மூலையில் உட்கார்ந்து எழுதுவாள். போன வருஷம் மார்க் அட்டையில் அவள் டீச்சர் எழுதியிருந்தார்: 'பாடம் எல்லாம் நன்று. வாயைத் திறந்து பேச வேண்டும்.' அக்கா அதைப் படித்துவிட்டு அந்த மூன்று மணி நேரத் தூக்கத்தையும் தொலைத்தாள்.

நானோ பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். மைதானத்தின் இந்தக் கோடியில் நின்று பேசினால் அந்தக் கோடியில் இருப்பவள் ஓட ஆரம்பிப்பாள். பகலில் அக்கா வீட்டுக்குள் நுழைய எனக்குத் தடை. கூடப்பிறந்தவளுக்கே தடை, பாருங்கள்! அதனால், "வீடு வாங்கப்போறோம்டி" என்று அக்கா போன் செய்த அன்று நான் குதித்த குதியில் எங்கள் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து என்ன ஆச்சு என்று விசாரித்துவிட்டுப் போனார்.

உடனே சண்டையும் ஆரம்பித்தது. மாமாவுக்கு அடுக்குமாடியில் ஒரு பிளாட். எனக்கு, அதாவது அவர்களுக்கு, தனி வீடு.

"பிளாட்டுல காவலுக்கு ஆள் இருக்கு, லிஃப்ட் இருக்கு, குழாய் கெட்டா ஒரு போன் போட்டா போதும்" என்று மாமா கிசுகிசுத்தார்.

"மேல ஒருத்தர் நடப்பாரு, கீழ ஒருத்தர் இருமுவாரு, நடுவுல நீங்களா? தனி வீடுன்னா நாலு பக்கமும் சுத்தி நடக்கலாம் மாமா!"

"நாலு பக்கமும் சுத்தி நடந்து என்ன பண்ணப் போறேன் நான்?"

அக்கா கையை உயர்த்தினாள். "ரெண்டு பேரும் வாயை மூடுங்க. எந்த வீட்ல எனக்குத் தூக்கம் வருதோ அதான் என் வீடு. அவ்வளவுதான்."

அப்படித்தான் இந்தப் படுத்துப் பார்க்கும் படலம் தொடங்கியது. வேலை முடிந்து நேரே வருவாள். படுப்பாள். பத்து நிமிஷத்தில் குறட்டை. அரை மணி கழித்து மாமா எழுப்பினால், "நல்ல வீடுங்க" என்பாள். மாமா ஒரு நோட்டில் டிக் போடுவார். ஒரு மாதத்தில் ஆறு வீடு பார்த்தார்கள். ஆறுக்கும் டிக்! மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஏழாவது வீட்டுக்கு நானும் லீவு போட்டுவிட்டுப் போனேன். பக்கத்துச் சுவரை ஒட்டி இரும்பு அறுக்கும் பட்டறை. எனக்குப் பல் கூசியது. உள்ளே போய்ப் பார்த்தால் அக்கா வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறாள்.

எனக்கு வந்ததே கோபம்!

"மாமா, உங்களுக்கு மூளை இருக்கா? ராத்திரி முழுக்க அடுப்பு முன்னாடி நின்னுட்டு வர்றா. இவளை நடுரோட்ல படுக்க வெச்சாலும் தூங்குவா. இது வீட்டோட தூக்கமா? அவளோட அசதி!"

மாமா நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பட்டறையைப் பார்த்தார். பேனாவை எடுத்து ஆறு டிக்கையும் ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்தார். பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த வீட்டில் அக்கா தூங்குகிறாள் என்றாலே எல்லோருக்கும் திருவிழா மாதிரி, வேறு எதுவும் கண்ணில் படாது.

ஆகவே புது விதி போட்டேன். அக்காவுக்கு வார விடுமுறை நாளில்தான் போக வேண்டும். முந்தின ராத்திரி அவள் நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் படுத்துப் பார்க்க வேண்டும். ஏழில், பட்டறை மாதிரி நாள் முழுக்க இரைச்சல் கேட்கும் ஐந்து தானாகவே கழிந்துபோயின. மிஞ்சியது ஏழாம் மாடியில் ஒரு பிளாட், ஊர் ஓரத்தில் ஒரு பழைய தனி வீடு.

பூனையையும் கூட்டிக்கொண்டு முதலில் பிளாட்டுக்குப் போனோம். சும்மா சொல்லக்கூடாது, எனக்கே ஆசை வந்துவிட்டது. இரட்டைக் கண்ணாடி ஜன்னலைச் சாத்தினால் கீழே போகிற லாரி பொம்மை லாரி ஆகிவிடுகிறது, சத்தமே இல்லை. மாமா முகத்தில் சந்தோஷம் வழிந்தது. அக்கா படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். நாங்கள் மூன்று பேரும் ஹாலில் மூச்சுக்கூட விடாமல் நின்றோம். கால் மணியில் கதவு திறந்தது.

"ஏங்க, லிஃப்ட் ரெண்டு இருக்குன்னு எத்தனை தடவை சொல்லுவீங்க?"

"அய்யோ, நான் இவ காதுலதானே சொன்னேன்!"

"அதான் கேட்டுச்சே. பூனை மூக்கை உறிஞ்சினதும் கேட்டுச்சு. மேல யாரோ நாற்காலி இழுத்ததும் கேட்டுச்சு."

வெளிச்சத்தம் ஒன்றும் உள்ளே வராது, உள்சத்தம் எல்லாம் அக்காவிடம் போய்விடும். பூனை மெல்ல, "பரவால்லம்மா, நான் இன்னும் மெதுவா இருப்பேன்" என்றாள். அக்கா லிஃப்டில் இறங்கும்போது மகளின் தலையைத் தடவிக்கொண்டே வந்தாள். எனக்கோ ஏழு மாடி இறங்கும் வரை, 'நான் அப்பவே சொன்னேனா இல்லையா மாமா?' என்று கேட்க வாய் துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன்.

அடுத்த வாரம் தனி வீடு. வாசலில் நாய் குரைத்தது, பக்கத்து வீட்டில் யாரோ துணியை அடித்துத் துவைத்தார்கள். மாமா என்னைப் பார்த்து, 'இதுக்குத்தானா?' என்று புருவத்தைத் தூக்கினார். புரோக்கர் எங்களை அவசரமாக ஹாலைச் சுற்றிக் காட்டினார். பின்பக்கம், போன தடவை யாரும் கவனிக்காத ஒரு கனத்த கதவு இருந்தது.

"அது என்ன ரூம்?" என்றாள் அக்கா.

"அதை விடுங்க மேடம், இடிச்சுடலாம். இந்த வீட்டுக்காரரோட பையன் ட்ரம்ஸ் அடிப்பானாம். தெருவே சண்டைக்கு வந்துடுச்சாம். அதனால சுவரை ரெட்டையாக் கட்டி, உள்ள என்னத்தையோ அடைச்சு வெச்சிருக்காரு. ஜன்னல்கூட மேல சின்னதா ஒண்ணுதான்."

நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். "நான் தூங்கினதும் கத்திப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அக்கா கைப்பையோடு உள்ளே போனாள். கதவு 'தப்'பென்று சாத்திக்கொண்டது.

அரை மணி நேரம் காத்திருந்தோம். "சரி, சோதனை பண்ணிடலாம். கத்துடி பூனை" என்றேன்.

"என்ன சித்தி கத்தறது?" என்று கிசுகிசுத்தாள்.

"எதையாவது. உனக்கு என்ன தோணுதோ அதை."

வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. மறுபடியும் முயன்றாள், முகம் சிவந்தது, குரல் வரவில்லை. மைதானத்தில் சொல்லிக்கொடுக்கிற மாதிரி அவள் வயிற்றில் கை வைத்து, "இங்கேர்ந்து மூச்சை எடு. அடிவயித்துலேர்ந்து. ம்ம், விடு!" என்றேன்.

"அம்மா, பசிக்குதூ!"

புரோக்கர் கையிலிருந்த சாவிக்கொத்தைக் கீழே போட்டுவிட்டார். மாமா சுவரைப் பிடித்துக்கொண்டார். பதிமூன்று வருஷத்தில் எங்கள் யாருக்கும் தெரியாது, இவளுக்கு என் குரல் என்று! பூனைக்கே நம்ப முடியவில்லை. கண் விரியச் சிரித்தாள். இன்னொரு தடவை, இன்னும் ஓங்கி, நிறுத்தாமல் கத்தினாள். வெளியே நாய் பதிலுக்குக் குரைத்தது. நானும் பையிலிருந்த விசிலை எடுத்து ஊதித் தள்ளினேன். போதும் போதும் என்று மாமா கையெடுத்துக் கும்பிட்ட பிறகுதான் நிறுத்தினோம்.

கதவைத் திறந்தோம். அக்கா ஒருக்களித்துப் படுத்து, முழங்காலை மடக்கித் தூங்கிக்கொண்டிருந்தாள். காதில் பஞ்சு இல்லை, துண்டு இல்லை. முந்தின ராத்திரி எட்டு மணி நேரம் தூங்கியவள், இது அசதி இல்லை. மாமா நோட்டை எடுத்தார். பெரிசாக ஒரு டிக் போட்டார்.

தொட்டு எழுப்பியதும், "கத்தினீங்களா இல்லையா?" என்று கேட்டாள்.

"கத்தினோமா? தெருவே கேட்டுச்சு! உன் பொண்ணு தொண்டையைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?" என்றேன்.

"அப்படியா! என்னடி கத்தினே?"

பூனை தரையைப் பார்த்தாள். பழைய கிசுகிசுப்பு திரும்பி வந்துவிட்டது. "பசிக்குதுன்னு. சும்மாதாம்மா."

அக்கா எழுந்து உட்கார்ந்தாள். மகளின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். "தெனமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அப்படிக் கூப்பிடணும்னு இருக்குமா உனக்கு?"

பூனை தலையை மட்டும் ஆட்டினாள். நான் விசிலைப் பைக்குள் போட்டேன்.

அக்கா விரலை மடக்கி எண்ணினாள். "இங்க எட்டு மணிக்குப் படுத்தேன்னா மூணரை வரைக்கும் ஒரே தூக்கம். ஏழரை மணி நேரம்! எனக்கு அது போதும், அதுக்கு மேல வேண்டாம். நீ வந்ததும் இந்தக் கதவைத் தொறந்து, இப்ப எப்படிக் கத்தினியோ அப்படியே கத்து. நான் எழுந்து வந்து உனக்குச் சோறு போடறேன்."

புரோக்கர் வாசற்படியில் நின்று, "அப்ப அந்த பிளாட்டு மேடம்?" என்றார்.

"அதெல்லாம் வேண்டாம்!" என்று ஒரு குரல் இடி மாதிரி கேட்டது. திரும்பிப் பார்த்தால், மாமா.

அக்கா எங்களை எல்லாம் ஹாலுக்குத் துரத்திவிட்டு மறுபடியும் தரையில் படுத்தாள். இந்தத் தடவை கதவை அகலத் திறந்து வைத்திருந்தாள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, "மணி மூணரை ஆச்சு, எங்க என் பொண்ணைக் காணோம்?" என்றாள்.